மீன் சிறுத்துவிட்டது என்றார்கள்: மிஸ்டாசினி ஏரி, ஒரு நிகழ்வு ஆய்வு

மீன் சிறுத்துவிட்டது, மீன்பாடும் குறைந்துவிட்டது என்று கனடாவின் கியூபெக் மாநிலத்து மிஸ்டாசினி ஏரிக்கரையில் வாழும் கிரீ பழங்குடி மக்கள் சொன்னார்கள். உலகத்தில் எந்த மீன்பிடிக் கரைக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பெரும்பாலும் அது கேட்டவர் காதோடு நின்றுவிடும். வயதானவர்களுக்குப் பழையது எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் என்று தள்ளிவிடுவார்கள். மிஸ்டாசினியில் அப்படித் தள்ளவில்லை. அந்தப் பேச்சை ஒரு தரவாகவே எடுத்துக்கொண்டு, மீனின் உடலையும் மரபணுவையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிரீ மக்கள் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அதோடு, மீனின் மரபணுவிலேயே மாற்றத்தின் தடம் பதியத் தொடங்கியிருக்கலாம் என்பதும் தெரிந்தது. எல்லாம் 15 ஆண்டுகளுக்குள், அந்த மீனுக்கு இரண்டு தலைமுறை ஆகும் காலத்துக்குள்.

எல்லா வட ஊர்களிலும் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீன்பிடிப்பு, மரபணு, பழங்குடி அறிவு மூன்றும் ஒரே நீர்நிலையில், ஒரே ஆய்வில் சந்தித்த நிகழ்வுகள் மிகக் குறைவு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஏரியும் மக்களும்

மிஸ்டாசினி, கியூபெக்கின் மிகப் பெரிய இயற்கை ஏரி. பரப்பு சுமார் 2,300 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பனியுகத்துப் பனிப்பாளங்கள் உருகிப் பின்வாங்கிய பிறகு தேங்கிய நீர் இது. ஆண்டில் பாதி மாதங்கள் மேலே பனி உறைந்து கிடக்கும். பல ஆறுகள் இதில் வந்து சேர்கின்றன. இதிலிருந்து புறப்படும் ரூபர்ட் ஆறு மேற்கே ஓடி ஜேம்ஸ் விரிகுடாவில் கலக்கிறது. ஏரியின் பெயருக்குக் கிரீ மொழியில் பெரும்பாறை என்று பொருள்.

தென்கிழக்குக் கரையில் மிஸ்டிசினி என்ற கிரீ ஊர் இருக்கிறது. தங்கள் நிலம் முழுவதையும் அவர்கள் ஈயூ இஸ்ட்சீ என்கிறார்கள். மக்களின் நிலம் என்று அதற்குப் பொருள். அந்த நிலம் குடும்பங்களின் வேட்டைப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. எந்த இடத்தில் எவ்வளவு பிடிப்பது, எதை எத்தனை நாள் ஆறப்போடுவது என்பதில் அவர் சொல்லுக்கு எடை இருக்கும். 1971இல் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் மாபெரும் நீர்மின் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிரீ மக்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அந்தப் போராட்டத்தின் முடிவில் 1975 நவம்பரில் ஜேம்ஸ் விரிகுடா மற்றும் வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் பொறிவைக்கவும் அவர்களுக்குள்ள உரிமை அதில் சட்டமாக எழுதப்பட்டது. ஸ்டர்ஜன், வெண்மீன் போன்ற சில இனங்கள் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. நாம் பேசப்போகும் மீன் அந்த ஒதுக்கீட்டில் இல்லை. ஊர்க்காரர்களும் பிடிக்கிறார்கள், தூண்டிலோடு வெளியூரிலிருந்து வருகிறவர்களும் பிடிக்கிறார்கள்.

அந்த மீனை ஆங்கிலத்தில் வால்-ஐ என்பார்கள். கியூபெக்கின் பிரெஞ்சுப் பேச்சில் அதற்கு டோரே என்று பெயர். பொன்பூசியது என்று பொருள். நான் டோரே என்றே எழுதுகிறேன். பொன்னும் பச்சையும் கலந்த உடம்பு. கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி எறியும் படலம் இருப்பதால் விளக்கடித்தால் பூனைக்கண்ணைப்போல மின்னும். மாலை மங்கலில் இரை தேடும். சதை வெள்ளை, முள் குறைவு; வட அமெரிக்க நன்னீர் மீன்களில் தின்பதற்கு இதுவே முதல் என்று சொல்கிறவர்கள் ஏராளம். குளிர்ந்த வடக்கில் மெதுவாக வளரும். 20 வயதைத் தாண்டியும் வாழும். பெட்டை ஆணைவிடப் பெரியது, பருவத்துக்கு வருவதும் ஆணுக்குப் பிந்தித்தான். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தத்தில் பனி உடைந்ததும், தண்ணீர் இன்னும் கைவைக்க முடியாத குளிரில் இருக்கும்போதே, டோரே ஆற்றில் ஏறிச் சரளைக்கல் படுகையில் முட்டை இடும். கூடு கட்டாது, குஞ்சைக் காக்காது. முட்டையை விட்டுவிட்டு ஏரிக்குத் திரும்பும். ஏரியில் எல்லா ஆற்று மீன்களும் கலந்து திரியும். ஆனால் அடுத்த பருவத்தில் பெரும்பாலும் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பிப் போகும். கோடையில் ஏரி நடுவே ஒரு வலையில் விழும் பத்து மீனைப் பார்த்தால் ஒரே கூட்டம் என்றுதான் தோன்றும். இனப்பெருக்கக் கணக்கிலோ அவை வேறு வேறு குடிகள். 2000களில் லவால் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மரபணு கொண்டு இதைக் காட்டினார்கள்.

முதலில் ஒரு டிரவுட் மீன்

டோரே ஆய்வுக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் போனால், 2020இல் வெளிவந்த அந்த ஆய்வு ஏதோ திடீரென முளைத்தது என்று தோன்றிவிடும்.

இதே ஏரியின் புரூக் டிரவுட் மீன்கள் பற்றி ஆய்வாளர்கள் டிலன் ஃபிரேசரும் லூயி பெர்னாஷேயும் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து செய்த வேலை 2006இல் வெளிவந்தது. ஒரு பக்கம் மரபணு ஆய்வு. மறுபக்கம் கிரீ மூத்தோரோடும் மீன்பிடி வழிகாட்டிகளோடும் நடத்திய கூட்டங்கள், நேர்காணல்கள், ஒன்றாகப் படகில் போய்ப் பார்த்த பயணங்கள். மீன் எந்த ஆற்றில் எந்த இடத்தில் முட்டையிடுகிறது, எப்போது எந்த வழியாக நகர்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் சொன்னதை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

பெரும்பாலானவை பொருந்தின. பொருந்தியது மட்டுமல்ல, மரபணு ஆய்வு சொல்லாத செய்திகளும் கிரீ மக்களிடம் கிடைத்தன. ஆய்வகத் தரவு 4 ஆண்டுகளுடையது. மக்களின் நினைவு 40 ஆண்டுகளைத் தாங்கியிருந்தது. எந்த ஆற்றில் மனிதரின் நெருக்கடி கூடிவிட்டது என்ற கவலை மரபணுவில் தெரியவில்லை, மக்கள் வாயில்தான் தெரிந்தது. பழைய மீன்பிடி முறைகளுக்குத் திரும்புவதை ஊக்குவிக்க வேண்டும் என்ற எண்ணமும் அங்கிருந்தே வந்தது. இன்னொரு பக்கத்தையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை: மக்களின் அறிவு ஓர் ஆறு, ஏரியின் ஒரு மூலை என்ற சிறிய பரப்பில்தான் மிகக் கூர்மையாக இருந்தது, ஏரி முழுவதற்குமான படத்தை வரைய மரபணு தேவைப்பட்டது.

எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். பழங்குடி அறிவைப் பூஜையில் வைக்கவும் இல்லை, குறிப்பேட்டின் ஓரத்தில் ஒதுக்கவும் இல்லை. எந்த அளவில் எது கூர்மை என்று பார்த்தார்கள். நாற்பது ஆண்டு ஒரே துறையில் வலை போட்ட மனிதர் அந்தத் துறையைப் பற்றிச் சொல்வதும், நாலு கோடை வந்துபோன ஆய்வாளர் சொல்வதும் ஒரே எடையுள்ள சாட்சியாக முடியுமா? அந்த ஒரு துறைக்கு முன்னவர் சொல்தான் கனம்.

நான்கு ஆறுகள், 15 ஆண்டுகள்

இனி டோரே. மாண்ட்ரியாலின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் எல்லா பவுல்ஸ் (Ella Bowles) என்பவர் முதன்மை ஆசிரியராகவும் ஃபிரேசர் உடன் ஆசிரியராகவும் இருந்து எழுதிய ஆய்வு இது. ஏரியின் நான்கு டோரே குடிகளை எடுத்துக்கொண்டார்கள். சாலிஃபூர், ஐகன், பெர்ச் ஆகிய மூன்று ஆறுகளின் மீன்கள் நன்றாகப் பிடிபடுபவை. டக்வா ஆற்று மீன் மிகக் குறைவாகவே பிடிபடுவது. நான்கும் இருப்பது ஒரே ஏரி. மேலே இருக்கும் வானமும் ஒன்றே. பெரிய வேறுபாடு, மனிதர் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதில்தான். இப்படி ஒரு ஒப்பீட்டுக் குடி கிடைப்பது இந்தத் துறையில் பெரும் பேறு. கடலில் அது அநேகமாக வாய்ப்பதே இல்லை, ஏனென்றால் பிடிக்காமல் விட்ட கடல் மீன்கூட்டம் என்று ஒன்று எங்கே இருக்கிறது?

இன்னொரு நல்வாய்ப்பு, பழைய மாதிரிகள். 2000களின் தொடக்கத்தில், இந்த ஏரியின் மீன்குடிகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று அறிவதற்காக எடுத்தவை கைவசம் இருந்தன. 15 ஆண்டு கழித்து அதே ஆறுகளில் புது மாதிரி எடுத்ததும் முன், பின் என்று ஒப்பிட முடிந்தது. மரபணுத்தொகையில் ஓரெழுத்து மட்டும் மாறி நிற்கும் இடங்களில் சுமார் 9,000ஐ ஒவ்வொரு மீனிலும் படித்தார்கள். கூடவே நீளம், எடை, வயது. கூடவே கிரீ மக்களின் சொல்.

மக்கள் சொன்னது: உடலளவு குறைந்திருக்கிறது, பிடிபடும் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. அளவுகோல் சொன்னது: மூன்று ஆற்று மீன்களும் சிறுத்திருக்கின்றன, ஆண் பெண் இரண்டும். டக்வா மீனில் மாற்றம் இல்லை. மரபணு சொன்னது: மூன்று குடிகளிலும் பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் இடையே, ஏதோ ஒன்று தேர்ந்தெடுத்து நீக்கியதற்கான தடயங்கள் இருக்கின்றன. ஓர் ஆற்றின் மீன், தன் பழைய நிலையிலிருந்து சற்று விலகியிருக்கிறது. மற்ற இரண்டு ஆறுகளின் மீன்கள் ஒன்றோடொன்று முன்னைவிட ஒத்துப்போகத் தொடங்கியிருக்கின்றன, அதாவது தனித்தனி அடையாளம் மங்குகிறது. இவையெல்லாம் முளைவிடும் நிலையிலுள்ள மாற்றங்கள். டக்வாவில் இவையும் இல்லை.

சிறுத்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்

மீன் சிறுத்துவிட்டது என்றதும் மரபணு மாறிவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவசரப்படாமல் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதல் காரணம் மிக எளிது. பெரிய மீனைப் பிடித்துவிட்டோம், சிறியது மீதி இருக்கிறது. தென்னந்தோப்பில் வயதான மரங்களை எல்லாம் வெட்டிவிட்டால் தோப்பின் சராசரி உயரம் குறையத்தானே செய்யும். கன்று குட்டையாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. இதைத் தவிர்க்க ஒரு வழி, ஒரே வயது மீன்களை ஒப்பிடுவது. மீனின் செவிக்கல்லிலும் வேறு சில எலும்புகளிலும் மரத்தின் வளையம்போல ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். அதை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். பழைய மாதிரியின் எட்டு வயது மீனும் புதிய மாதிரியின் எட்டு வயது மீனும் ஒரே நீளம் என்றால், கதை முதல் காரணத்தோடு முடிந்தது. மிஸ்டாசினியில் வயதுக்கேற்ற நீளமும் சிறிதளவு குறைந்திருந்தது.

இரண்டாவது, சூழல். தண்ணீரின் வெப்பம், இரையின் அளவு மாறினால் மரபணு மாறாமலே மீன் சிறுக்கலாம், பெருக்கலாம். ஆனால் கவனியுங்கள், மீன் குறைந்தால் மிஞ்சியதற்கு இரை கூடும். அது வேகமாக வளர வேண்டும். இங்கே குறைந்தும் இருக்கிறது, சிறுத்தும் இருக்கிறது. மேலும், ஏரிக்கே பொதுவான வெப்பமாற்றம் காரணம் என்றால் டக்வா மீனும் சிறுத்திருக்க வேண்டாமா?

மூன்றாவதுதான் மரபணு. ஒரு குடியில் இரண்டு பெட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சீக்கிரமே வளர்ச்சியை நிறுத்திச் சிறிய உடம்போடு முட்டையிடத் தொடங்கும் இயல்புடையது. மற்றது பல ஆண்டு வளர்ந்து, பெருத்து, பிறகு முட்டையிடும் இயல்புடையது. பெரியதைப் பொறுக்கிப் பிடிக்கும் இடத்தில் இரண்டாவது மீன் முட்டையிடும் வயதை எட்டும் முன்பே படகில் கிடக்கும். முதலாவதன் பிள்ளைகள்தான் ஆற்றை நிரப்பும். இயற்கையில் பெரிய உடம்பு ஒரு காப்பு: இரைகொல்லிக்குத் தப்பலாம், முட்டை அதிகம் இடலாம். மனிதனின் வலை வந்ததும் அதே உடம்பு ஆபத்தாகிவிடுகிறது. பெட்டை பெரியது, தாமதமாகப் பருவம் அடைவது என்று முன்பு சொன்னேன் அல்லவா? பெரியதைத் தேடும் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஆணா பெண்ணா, எதற்குப் பாதிப்பு அதிகம் என்பதில் இந்த ஆய்வால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆய்வாளர்கள் வேறு விளக்கங்களை முற்றாகத் தள்ளிவிட முடியாது என்று தாங்களே எழுதியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக்கு இருந்தது ஒரே ஓர் ஆறு. ஆறுக்கு ஆறு வேறு ஏதேனும் மாறியிருக்கலாம். எனவே சான்றுகள் மீன்பிடிப்பால் வந்த மரபணு மாற்றம் என்ற கருத்துக்குப் பொருந்துகின்றன என்பதுவரைதான் அவர்கள் போகிறார்கள். அந்த எல்லையை நாமும் மதிக்க வேண்டும். ஆனால் மக்கள் வாய், அளவுகோல், மரபணு என்று மூன்று சாட்சிகள் ஒரே திசையைச் சுட்டுகின்றன. என் கணிப்பில் அது கனமான சாட்சியம்தான்.

தொட்டியிலும் கடலிலும்

பெரியதைப் பிடித்தால் குலமே சிறுக்கும் என்பது ஆய்வுத் தொட்டியில் முன்பே காட்டப்பட்டது. டேவிட் கானோவரும் ஸ்டீபன் மஞ்சும் அட்லாண்டிக் சில்வர்சைடு என்ற சிறு மீனை வைத்து 2002இல் வெளியிட்ட சோதனை அது. சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய 90 விழுக்காட்டை எடுத்துவிட்டார்கள், சிலவற்றில் சிறிய 90 விழுக்காட்டை, சிலவற்றில் அளவு பார்க்காமல் எடுத்தார்கள். நாலே தலைமுறை. பெரியதை இழந்த குடியின் மீன், சிறியதை இழந்த குடியின் மீனில் ஏறக்குறையப் பாதி எடைதான் இருந்தது. பிறகு இப்படிப் பொறுக்கி எடுப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். உடம்பு மெல்லத் திரும்பத் தொடங்கியது. ஆனால் முழுதாகத் திரும்ப 12 தலைமுறை ஆகும் என்று 2009இல் கணித்தார்கள். கெடுக்க எடுத்ததைவிடத் திருத்த எடுக்கும் காலம் நீளம். சில்வர்சைடுக்குத் தலைமுறை என்பது ஓராண்டு. மிஸ்டாசினி ஆய்வின் 15 ஆண்டு, டோரேக்கு ஒன்று முதல் இரண்டரைத் தலைமுறை. அதாவது ஒரு தலைமுறைக்கு 6 முதல் 15 ஆண்டு. தொட்டிக் கணக்கை ஏரிக்கு அப்படியே பெயர்க்க முடியாது. ஆனாலும் 12 தலைமுறை என்பது டோரேக்கு எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

எதிர்ச்சான்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் நேர்மையாகாது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் என்ற மீனின் வளம் சரிந்து 1992 ஜூலையில் கனடா அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியது. சரிவுக்கு முந்திய ஆண்டுகளில் காட் மீன் இளவயதிலேயே, சிறிய உடம்பிலேயே பருவம் அடையத் தொடங்கியிருந்தது பதிவாகியிருக்கிறது. பரிணாமம்தான் காரணம் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 2021இல் மாலின் பின்ஸ்கியும் உடனிருந்தோரும் நார்வேயின் 1907ஆம் ஆண்டு மாதிரிகளையும் கனடாவின் 1940ஆம் ஆண்டு மாதிரிகளையும் இன்றைய மீனோடு மரபணுத்தொகை முழுவதையும் வைத்து ஒப்பிட்டார்கள். பெரிய மரபணு இழப்பு எதையும் காணவில்லை. வளர்ச்சியும் பருவமும் ஏராளமான மரபணுக்களின் சின்னச் சின்னப் பங்களிப்பால் ஆனவை. ஒவ்வொன்றும் அணுவளவு நகர்ந்தால் உடம்பில் தெரியும், மரபணுப் படத்தில் தெரியாமலும் போகலாம். அல்லது மாற்றம் உண்மையிலேயே சூழலால் வந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும், திரும்பிவரத் தேவையான சரக்கு காட் மீனிடம் இன்னும் இருக்கிறது என்பது நல்ல செய்தி.

காட் மீனுக்கும் டோரேக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காட் கடலளவு பெரிய கூட்டம். இத்தனை சரிந்தும் மிஞ்சியவை கோடிக்கணக்கில். ஓர் ஆற்றுக்குள் முட்டையிடும் டோரே குடி அப்படியல்ல. சிறிய குடியில் மரபணு வகைகள் தற்செயலாகவே தொலைந்துபோகும். வெளியிலிருந்து வந்து நிரப்பவும் அதிகம் ஆளில்லை, ஏனென்றால் ஒவ்வொரு குடியும் பெரும்பாலும் தன் ஆற்றுக்கே விசுவாசமானது. எனவே கடலின் ஆறுதலை ஏரிக்கு எடுத்துச் செல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

கண்ணி அளவு

வலையைப் பற்றிப் பேசாமல் இது முடியாது. செவுள் வலையின் கண்ணிக்கு ஓர் அளவு உண்டு. அதைவிட ஒல்லியான மீன் புகுந்து வெளியேறிவிடும், பருத்த மீன் தலை நுழையாமல் திரும்பிவிடும், நடுத்தரம் செவுளில் மாட்டும். ஒரே கண்ணி அளவுள்ள வலையை ஏரி முழுவதும் போட்டால் ஒரே பருமனுள்ள மீனை ஆண்டாண்டாகச் சலித்து எடுக்கிறோம். பல நாட்டு மீன்பிடிச் சட்டங்கள் பெருங்கண்ணியைக் கட்டாயமாக்கின. குஞ்சை விடு, பெரியதைப் பிடி என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஒரு தடவையாவது முட்டையிடட்டும் என்ற கருணை அதில் இருக்கிறது. ஆனால் பெரியது யார்? பலமுறை முட்டையிட்டு, பல குளிர்காலம் தாங்கி, அந்த ஆற்றுக்குப் பழகிய மூத்த தாய். மீனின் முட்டை எண்ணிக்கை உடம்பு கூடக்கூட எடைக்கு நேர்விகிதத்தையும் மீறிக் கூடுவது பல இனங்களில் தெரியவந்திருக்கிறது. ஒரு பெரிய தாய்க்கு ஈடாக அதே மொத்த எடையுள்ள சிறிய தாய்களை வைத்தால் முட்டைக் கணக்கு சமமாகாது.

இதே கிரீ மக்களின் இன்னொரு ஊர் சிசாசிபி, ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் இருப்பது. அங்கே ஃபிக்ரெட் பெர்க்கெஸ் 1970களில் தொடங்கி நெடுங்காலம் மீன்பிடிப்பைக் கவனித்தார். அந்த மீனவர்கள் ஒரே அளவு வலையை நம்பியிருக்கவில்லை. வெவ்வேறு கண்ணி அளவுள்ள வலைகளைக் கலந்து போட்டார்கள். சிறியதும் கொஞ்சம், நடுத்தரமும் கொஞ்சம், பெரியதும் கொஞ்சம் வந்தது. ஓரிடத்தில் மீன்பாடு இறங்கினால் அந்த இடத்தை ஆறவிட்டு வேறிடம் போனார்கள். அவர்கள் பிடித்த வெண்மீன் கூட்டத்தில் இளையது முதல் முதியது வரை எல்லா வயதும் தொடர்ந்து இருந்ததை அவர் பதிவுசெய்தார். பெருங்கண்ணி மட்டும் போட்ட வணிக மீன்பிடிப்பில் முதிய வயதுகள் காணாமல் போய்விடும்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிடுகிறேன். அரசின் விதிப் புத்தகத்தில் பார்த்தால் சிறுகண்ணி கலந்த வலை தவறு. பரிணாமக் கணக்கில் பார்த்தால் எந்த உடம்பளவையும் தனியாகத் தண்டிக்காத, மூத்த மீனை மிச்சம் வைக்கிற வலை அதுதான். அந்த மீனவர்கள் மரபணுவைப் பற்றி நினைத்து அப்படிச் செய்யவில்லை. ஆனால் பலவித மீனும் தேவைப்பட்ட ஒரு வீட்டின் உணவும், துறையை ஆறப்போடும் வழக்கமும், எது எடுக்கத் தக்கது என்ற மரியாதையும் சேர்ந்து அந்த வலையை உருவாக்கியிருந்தன. மிஸ்டிசினியின் இன்றைய நிலை வேறு. சாலை வந்தது, இயந்திரப் படகு வந்தது, விருந்தாளித் தூண்டில்காரர்கள் வந்தார்கள், பெரிய மீனோடு படம் எடுத்துக்கொள்ளும் ஆசையும் கூடவே வந்தது. 2006 ஆய்வில் பழைய முறைக்குத் திரும்பும் எண்ணம் எழுந்ததைப் பழம்பெருமைப் பேச்சு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. கலப்பு வலையும் ஆறவிடும் துறையும் அளந்து பார்க்கக்கூடிய மேலாண்மைக் கருவிகள்.

சொன்ன பிறகு எவ்வளவு நாள்

2020 ஆய்வின் கடைசிப் பரிந்துரை சுருக்கமானது: மீன்பிடிப்பால் மீன் மாறுகிறது என்று ஒரு கவலை எழுந்தால் உடனே ஆராயுங்கள். ஒன்று இரண்டு தலைமுறையிலேயே மரபணுவில் தடம் விழலாம் என்றால், காத்திருப்பதே சேதம். வழக்கமாக நடப்பது என்ன? கரையிலுள்ளவர் சொல்வார். அதிகாரி சான்று கேட்பார். சான்று சேர்க்க நிதி கேட்டு, ஆய்வு தொடங்கி, முடிந்து, அச்சேறப் பத்தாண்டு ஓடிவிடும். மெதுவாக வளரும் மீனுக்கு அந்தப் பத்தாண்டு ஒரு முழுத் தலைமுறை.

ஆகவே கரையிலுள்ளவர் சொல்லும் அந்த முதல் நாளையே சான்றின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம். ஆய்வு நடக்கும்போதே பிடிப்பைத் தற்காலிகமாகக் குறைக்கலாம், முட்டையிடும் ஆற்றை வசந்தத்தில் மூடலாம், மிகப் பெரிய மீனைத் திரும்ப விடச் சொல்லலாம். குறைந்தபட்ச நீளம் என்று விதிக்கும் இடத்தில் மேல்வரம்பும் கீழ்வரம்பும் சேர்த்து நடுத்தரத்தை மட்டும் எடுக்கச் செய்வது வட அமெரிக்காவில் பல நீர்நிலைகளில் இருக்கும் முறை. பின்னால் கவலை தவறென்று தெரிந்தால் நீக்கிவிடலாம். ஏற்கெனவே விழுந்துவிட்ட மரபணு மாற்றத்தை அப்படி ஒரு கையெழுத்தில் நீக்க முடியாது.

யார் முடிவெடுப்பது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மூத்தோரிடம் போய்க் கேட்டு, எழுதிக்கொண்டு, நகரத்துக்குத் திரும்பி, கட்டுரையில் ஒரு பத்தியாக்கிவிடுவது பல காலம் நடந்தது. கனடாவின் முதற்குடி மக்கள் அதற்கு எதிராக ஒரு நெறியை வகுத்திருக்கிறார்கள்: தங்களைப் பற்றிய தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் தங்களுடையது என்பது அது. ஒரு மீனின் துடுப்பிலிருந்து எடுத்த துணுக்கும் மூத்தவர் சொன்ன ஒரு முட்டையிடும் இடமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். இடம் வெளியே தெரிந்தால் அடுத்த வசந்தத்தில் அங்கே எத்தனை படகு நிற்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். மிஸ்டாசினியை உள்ளடக்கிய வனவிலங்குக் காப்பகத்தை இன்று நிபீஷி என்ற கிரீ அமைப்பே நடத்துகிறது. வருகிறவருக்குப் படகும் அனுமதியும் கொடுப்பது கிரீ கை. எவ்வளவு பிடிக்கலாம் என்ற விதியில் அந்தக் கைக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்குப் புது மாதிரி எடுத்த ஆண்டுகளில் பொரித்த டோரே குஞ்சுகள் இப்போது பருவத்தை எட்டும் வயதில் இருக்கின்றன. மே மாதம் பனி உடையும்போது ஆண் மீன்கள் முதலில் ஆற்றில் ஏறும், பெட்டைகள் பின்னால் வரும். டக்வாவின் சரளையில் பெரிய பெட்டைகள் வந்து நிற்கும். மற்ற மூன்று ஆறுகளில் வந்து நிற்பவை எவ்வளவு பெரியவை என்பதை, எந்த அளவுகோலும் போய்ச் சேரும் முன்பே, கரையில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள்.